பினாங்குக் கப்பலுக்கு ஒரு கார்

பூந்தமல்லியில் அந்த வருஷம் வாடகைக்கு ஓடிய கார் ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று இருந்தது. யுத்தம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகி, பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு வந்ததும் அதன் சொந்தக்காரர் சக்கரங்களைக் கழற்றி, வண்டியைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்திவிட்டார். பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. ஓடிய கார் சந்தைக்கு எதிரே டிரங்கு ரோட்டோரம் நிற்கும். கறுப்புக் கார், மேலே துணிக்கூரை. அதை வைத்திருந்தவரைக் கார்க்கார பாய் என்போம். நாற்பது வயதிருக்கும். பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டார், ரோட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

ஐப்பசி மாதம் ஒரு காலையில், மழை விட்ட நேரம் பார்த்து, நானும் அண்ணனும் பாரிவாக்கத்திலிருந்து நடந்து அவரிடம் போனோம். துறைமுகத்துக்குப் போக அந்தக் காரைப் பேசி வைக்க வேண்டும். நான் பினாங்குக்குப் போகிறேன், துணைக்கு அண்ணன் வருகிறான், அங்கே அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவோம் என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எங்கள் ஊரிலிருந்து லீவுக்கென்று கப்பல் ஏறியவர்கள் யாரும் இல்லை.

பாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பினாங்குக்கா? அங்கேர்ந்து வர்றவங்களத்தான் நான் ஹார்பர்லேர்ந்து இட்டாந்துகினு கீறேன். போறவங்கள இப்பத்தாம்மா பாக்கறேன்."

"லீவுக்குப் போறோம் பாய். எங்க அக்கா அங்க கீது," என்றான் அண்ணன்.

"போன வாரம் ஒரு குடும்பம் வந்தாங்க. அவங்களும் லீவுக்குத்தான்னு சொன்னாங்க. கூடவே தையல் மிஷினு, ஆட்டுக்கல்லு, கொழந்த தொட்டில்." கொஞ்சம் நிறுத்தி, "லீவுக்கு வர்றவங்க ஆட்டுக்கல்ல தூக்கினு வருவாங்களா?" என்றார்.

அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் போகாமல் இருக்கலாம் என்ற நினைப்பும் வரவில்லை.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரியதும், சோறு ஊட்டியதும், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்ததும் அக்காதான். அவள் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போன அன்று நான் அழுத அழுகையில் காய்ச்சல் வந்துவிட்டது. அத்தான் அங்கே ஒரு கிடங்கில் கிராணி வேலை, அதாவது கணக்கு எழுதுகிற வேலை பார்த்தார். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. நான் அதைப் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து வீட்டிலிருந்தேன். பூந்தமல்லியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஜூன் மாதம் வேலை என்று சொல்லியிருந்தார்கள். இது தெரிந்ததும் அக்கா எழுதினாள். 'ஜூன் வரைக்கும் சும்மாதானே இருப்பாய், இங்கே வா. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் கடல். தண்ணீர் நம் கிணற்றுத் தண்ணீர் போல வெதுவெதுவென்று இருக்கும். மலைமேல் கயிறு கட்டி இழுக்கிற ரயில் இருக்கிறது, ஏறிப் பார்க்கலாம். பாப்பா சித்தி சித்தி என்று போட்டோவோடு பேசுகிறாள்.' அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

இரண்டாவது கடிதமும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது கடிதம் வேறு மாதிரி வந்தது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே தாளின் நடுவில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த நீளமான ஓட்டை. 'நீ புறப்படுவதற்கு முன்னால்' என்று அக்கா எழுதியிருந்தாள். அதற்கடுத்து ஓட்டை. ஓட்டைக்குக் கீழே, 'ஊறுகாய் மறக்காதே' என்று முடிந்திருந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு எழுத்து தெரியாது. அந்தக் கடிதத்தை வாங்கி, ஓட்டை வழியாக வாசலைப் பார்த்தார்.

"இத்த யாரு வெட்னது?"

"சர்க்கார்ல நைனா. யுத்தம் நடக்குதில்ல, அதான் எல்லா கடுதாசியும் படிக்கறாங்க."

"அப்டி இன்னா எழுதிட்டா நம்ம பொண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. துறைமுகத்தைப் பற்றியோ சிப்பாய்களைப் பற்றியோ ஏதாவது எழுதியிருப்பாள் என்றேன். நைனா கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கத்தரிக்காய் கேட்கிறவனுக்குக்கூட, நாளைக்கு வா என்பாரே தவிர, இல்லை என்று சொல்லமாட்டார்.

காரைப் பேசுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கப்பல் என்றைக்குப் புறப்படும் என்று எங்களுக்கே தெரியாது. பட்டணத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போய் டிக்கெட் வாங்கியபோது, அங்கே இருந்த குமாஸ்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தேதி கேக்காதீங்க. நாங்க சொல்லக் கூடாது, உத்தரவு. எப்பவும் தயாரா இருங்க. கப்பல் புறப்படற அன்னைக்குக் காலையில தந்தி வரும். வந்ததும் கிளம்பிடணும்."

"எங்க ஊரு பூந்தமல்லிக்கு அந்தாண்ட சார். பதினஞ்சு மைலு," என்றான் அண்ணன்.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கப்பல் யாருக்காகவும் நிக்காது."

பஸ்ஸை நம்ப முடியாது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பாதி பஸ்கள் நின்றுவிட்டன. வருகிற ஒன்றிரண்டிலும் டிரங்குப் பெட்டியையும் படுக்கையையும் ஏற்றமாட்டார்கள். குதிரை வண்டியில் போனால் அரைநாள் ஆகும். அதனால் பாயை விட்டால் வழியில்லை. ஆனால் எந்த நாள், எத்தனை மணி என்று தெரியாத சவாரிக்கு யார் கார் தருவார்கள்?

பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பானெட்டின் மேல் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. தந்தி இந்தப் போஸ்டாபீசுக்குத்தான வரும்? போஸ்ட் மாஸ்டர் கைல சொல்லி வச்சிடறேன். உங்க பேருக்கு வந்தா எங்கைல குடுக்கச் சொல்லி ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. நான் வாங்கினு நேரா உங்க ஊட்டுக்கு வண்டியோட வந்துடறேன். நீங்க பொட்டிய வெளிய வச்சினு ரெடியா இருந்தாப் போதும்."

"பெட்ரோலு?"

"உங்களுக்குன்னு ஒரு டின்னு தனியா வச்சிடறேன். தொடமாட்டேன்." அப்புறம் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, நல்லா யோசிச்சிக்க. அவ்ளோதான்."

யோசிக்க எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. கார்த்திகை பிறந்தது. ஒரு பெட்டி, ஒரு படுக்கை, துணி கட்டிய இரண்டு ஊறுகாய் ஜாடி. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் குளித்து, பயணத்துக்கென்று வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். பகல் பன்னிரண்டு மணிவரை கார் வராவிட்டால் இன்றைக்கு இல்லை என்று அர்த்தம். புடவையை மாற்றி மடித்து வைப்பேன். பதினோரு நாள் இப்படி. மழை ஓயவே இல்லை. பாரிவாக்கம் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தது. காற்று வாட்டமாக அடிக்கும்போது டிரங்கு ரோட்டில் ராணுவ லாரிகள் போகிற சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். முதலில் எப்போதாவது கேட்டது. அப்புறம் காலையில் தொடங்கினால் மத்தியானம் வரை நிற்காமல் கேட்டது.

அந்த நாட்களில் நைனா இரண்டு தடவை பூந்தமல்லிக்குப் போய்வந்தார். சந்தை நாள் இல்லை. என்னவென்று கேட்டேன். கடப்பாறைக்கு முனை தட்டணும் என்றார். கடப்பாறை வீட்டில்தான் கிடந்தது.

கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கார் வந்தது. பகல் பன்னிரண்டரை மணி. நான் அப்போதுதான் புடவையை மாற்றப் போனேன். சேற்றில் சறுக்கிக்கொண்டு கார் தெருவுக்குள் வருவதைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினேன். பாய் இறங்கி, தந்தியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கினார். நைனா கழனியிலிருந்து வந்து, கை கழுவாமலே நின்றார். நான் காலில் விழுந்தபோது மண் ஒட்டிய கையைத் தலைமேல் வைக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, வைக்காமலே விட்டுவிட்டார்.

"ஜாக்ரத கண்ணு," என்றார். 

கார் ஊரைத் தாண்டிய பிறகுதான் தந்தியை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மணிக்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும் என்று இருந்தது. ஓரத்தில் போஸ்டாபீஸில் வந்து சேர்ந்த நேரம் எழுதியிருந்தது. காலை எட்டேகால்.

"பாய்! எட்டேகாலுக்கே வந்திருக்கே!"

"வண்டி கெளம்பலமா. மழத்தண்ணி உள்ள பூந்துகிச்சி."

"நாலு மணி நேரமா?"

 சாதாரணமாக ரோட்டைப் பார்த்துப் பேசுகிற மனிதர், இப்போது ரோட்டையே பார்த்தார், பேசவில்லை. கார் மெதுவாகத்தான் போயிற்று. வேகமாகப் போங்கள் என்று அண்ணன் சொன்னபோதெல்லாம் ரோடு வழுக்குது என்றார். கோயம்பேட்டருகே வந்ததும் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, இஞ்சின் சூடாயிடுச்சி என்று இறங்கினார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு உட்கார முடியவில்லை. இறங்கி முன்னால் போனேன். இஞ்சினிலிருந்து ஆவி எதுவும் வரவில்லை. பாய் ஒரு பழந்துணியைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக எதையோ துடைத்தார். மழை அவர் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது.

அப்போதே எனக்குள் ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் இன்னும் நேரமாகிவிடுமே என்கிற பயம்.

துறைமுகத்துக்குப் போகும்போது மூன்று மணி. இரும்புக் கேட்டை மூடிவிட்டார்கள். துப்பாக்கியோடு நின்ற காவலாளி டிக்கெட்டைப் பார்க்கவே இல்லை, கையை அசைத்துப் போகச் சொன்னான். கம்பி வழியாகக் கப்பல் தெரிந்தது. முழுக்கச் சாம்பல் வர்ணம். பெயர் எழுதியிருந்த இடத்தையும் பூசி மறைத்திருந்தார்கள். ஏணியை எடுத்துவிட்டிருந்தார்கள். கப்பல் அசைவது முதலில் தெரியவில்லை. கரைக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் அகலமாவது மட்டும் தெரிந்தது. மேலே நின்றவர்களில் யாரும் கையசைக்கவில்லை. வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விட்டிருக்கமாட்டார்கள்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். நைனா எங்களைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "வாங்க, கால் கழுவிகினு சாப்டுங்க," என்றார். அடுப்படியில் பானையைத் திறந்தேன். மூன்று பேருக்குச் சோறு இருந்தது.

நான் பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் கப்பலேறிப் போய்விட்டார்கள் என்று நினைத்திருந்தால், தனியாக இருக்கிற மனிதர் எதற்கு மூன்று பேருக்கு உலை வைக்கிறார்? வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கேட்கவும் இல்லை.

தீபம் முடிந்த இரண்டாம் நாள் கார்க்கார பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று காலை பினாங்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அவர் துறைமுகத்திலிருந்து ஏற்றி வந்திருக்கிறார். பூந்தமல்லி வழியாகப் போகிறவர்கள் என்றதும் அவர்களிடம் யாரோ ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார்களாம். முகவரி எங்கள் வீடு, கையெழுத்து அக்காவுடையது. தபாலில் வராததால் யாரும் வெட்டவில்லை.

நைனா வாசலில் நின்றார். பாய் உள்ளே வராமல் வாசற்படி அருகே நின்றார். நான் சத்தமாகப் படித்தேன்.

'உன்னை லீவுக்கு வா என்று எழுதியது பொய். இங்கே எல்லோரும் பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்புகிறார்கள். உன் அத்தானுக்கு வேலையை விட்டு வர முடியாது. இங்கே ஒன்றும் வராது, பயந்து ஓடினால் சிரிப்பார்கள் என்கிறார். அவரை விட்டுவிட்டு நான் வரமாட்டேன். பாப்பாவை மட்டும் அனுப்பச் சம்மதித்திருக்கிறார். நாலு வயதுக் குழந்தையை யாரோடு அனுப்புவேன்? நீ வந்து கூட்டிப்போனால்தான் உண்டு. இதைத் தபாலில் எழுதினால் வெட்டிவிடுகிறார்கள். வந்தால் இரண்டு மாதம் தங்காதே. அடுத்த கப்பலிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு. நைனாவிடம் சொல்லிப் பயமுறுத்தாதே.'

கடைசி வரியைப் படித்த பிறகுதான், நைனா கேட்கவே படித்திருக்கிறேன் என்பது உறைத்தது.

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பாய் தலையிலிருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாத்தே, நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்," என்றார் நைனா.  "நான்தாம்மா பாய்கிட்ட சொன்னேன். கப்பல் போனப்புறம் இட்டுனு போ, இல்லாட்டி இட்டுனே போவாதன்னு. வர்றவங்கள்லாம் பயந்துகினு வர்றாங்கன்னு பாய் சொன்னாரு. ஒரு பொண்ணு அங்க கீறா. இருக்கற ரெண்டையும் அங்கயே அனுப்ப எனக்கு மனசு வர்ல. உன் மூஞ்சிய பாத்து போவாதன்னு சொல்லவும் முடியல."

"ரெண்டு தபா வந்து கெஞ்சினாரு தங்கச்சி," என்றார் பாய். "எனக்கும் பொண்ணுங்க கீது. தப்போ சரியோ, செஞ்சிட்டேன்."

நான் அப்போது சொன்ன வார்த்தையை இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

"நீ என்னிய காப்பாத்தல நைனா. அக்கா கொழந்தைய அங்கயே தள்ளிவுட்ட," என்றேன்.

 அவர் எழுந்து, மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாயின் பின்னாலேயே பூந்தமல்லிக்குப் போனார். அடுத்த கப்பலுக்குக் காரைப் பேசத்தான் போனார். 'இந்தத் தபா மொத நாளே வந்து என் ஊட்டு வாசல்ல நில்லு' என்று சொன்னாராம். அண்ணன் பட்டணத்துக்கு ஓடினான். அடுத்த கப்பலில் இடம் கிடைக்கும், தந்திக்குக் காத்திருங்கள் என்றார் குமாஸ்தா.

நாங்கள் மறுபடி பெட்டியை வெளியே எடுத்து வைத்தோம். பாய் சொன்னபடி தினமும் காலையில் காரைக் கொண்டுவந்து எங்கள் தெருவிலேயே நிறுத்தினார். வேறு சவாரி ஏற்றவில்லை. தந்தி வரவில்லை. மழை விட்டு வெயில் அடித்தது. நாலைந்து நாள் கழித்து, ஜப்பான்காரனும் யுத்தத்தில் இறங்கிவிட்டான் என்று அண்ணன் வந்து சொன்னான். அதற்கடுத்த வாரம் போஸ்டாபீஸ் வாசலில் யாரோ பேப்பர் படிக்க, சுற்றிலும் கூட்டம் நின்றது. பினாங்கில் குண்டு போட்டார்கள், கடைத்தெருவில் வேடிக்கை பார்க்க வானத்தை அண்ணாந்து நின்ற ஜனங்கள் மேலேயே போட்டார்கள் என்று படித்தார்கள். சில நாளில் பினாங்கு விழுந்துவிட்டது என்றும் செய்தி வந்தது. அன்று பாய் காரைத் திருப்பிக்கொண்டு போனார். பெட்டியை உள்ளே எடுத்து வைக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டு நாள் அது வாசலிலேயே கிடந்தது.

நான் ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்பே, பங்குனி வெயிலில், பட்டணத்து ஜனங்கள் குண்டுக்குப் பயந்து வண்டி வண்டியாக எங்கள் பக்கம் வந்தார்கள். பருத்திப்பட்டிலும் வானகரத்திலும் மாட்டுக்கொட்டகைகளைக்கூட வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். அவர்களில் கடல் கடந்து வந்தவர் யாரையாவது பார்த்தால் நைனா விடமாட்டார். பினாங்கு தெரியுமா, கிடங்குல கிராணி, ஒரு பொம்பளப் புள்ள, தெரியுமா என்று கேட்பார். யாருக்கும் தெரியவில்லை.

நான் அவரிடம் பேசாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. சாப்பாடு போட்டேன், காய்ச்சலில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நானும் மனதில் ஒரு கணக்குப் போட்டேன். கப்பல் பினாங்கு போய்ச் சேர ஆறேழு நாள். திரும்பும் கப்பலுக்குக் காத்திருக்க ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் குண்டு விழுந்துவிட்டது. நான் அன்றைக்கு ஏறியிருந்தாலும் பாப்பாவைக் கொண்டுவந்திருக்க முடியாது. நானும் அண்ணனும் அங்கேயே மாட்டியிருப்போம்.

இதை அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தைதான். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இரண்டு வருஷம் அப்படியே இருந்தேன். யுத்தம் முடிவதற்கு முந்திய வருஷம் நைனா கழனியில் வேலை செய்துகொண்டிருந்தவர் மார் வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தார். நான் பள்ளியிலிருந்து ஓடிப்போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

யுத்தம் முடிந்து பல மாதங்கள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. அக்காவும் பாப்பாவும் உயிரோடு இருந்தார்கள். அத்தானைச் சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்களாம். அவர் திரும்பவில்லை. கப்பலில் இடம் கிடைத்ததும் வருகிறோம் என்று எழுதியிருந்தாள்.

நான் பாயிடம் போனேன். அவர் தாடி நரைத்துப் போயிருந்தது. அதே கார்தான், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓட, பின்னால் கரி அடுப்பு ஒன்றை மாட்டியிருந்தார். கப்பல் எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை.

"நாலு நாள் முன்னாடியே போயி நின்னாலும் நிக்கலாம்மா. நான் வரேன்," என்றார்.

ஒருநாள் முன்னாடியே போனோம். ராத்திரியைத் துறைமுகத்து வெளியே காரிலேயே கழித்தோம். அண்ணன் ஆவடி ராணுவக் கிடங்கில் வேலைக்குப் போயிருந்தான், அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகு ஜனங்கள் இறங்கி வந்தார்கள். அக்காவை நான் அடையாளம் காணவில்லை. அவள்தான் என்னைக் கண்டுபிடித்துத் தோளைத் தொட்டாள். கன்னம் ஒட்டி, பல் விழுந்து, அறுபது வயதுக்காரி போல இருந்தாள். பக்கத்தில் ஒன்பது வயதுப் பெண், காலில் செருப்பில்லாமல், ஒரு தகரக் குவளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. சித்தி என்று அக்கா என்னைக் காட்டினாள். அது என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"நைனா எங்க?" என்றாள் அக்கா.

காருக்குள் ஏறிய பிறகு சொன்னேன். அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கார் கோயம்பேட்டைத் தாண்டியதும் கேட்டாள்.

"அன்னைக்கு வர்றேன்னு எழுதினியே, ஏன் வரல? கப்பல் வந்தன்னைக்கு நான் பாப்பாவுக்குப் புதுப் பாவாட கட்டி கப்பல் தொறைக்கு இட்டுனு போனேன். கடைசி ஆள் எறங்கற வரைக்கும் நின்னோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து பாய் சொன்னார்.

"என் வண்டிதாம்மா கெளம்பல அன்னைக்கு. என்னாலதான்."

செத்துப்போன மனிதருக்காக அவர் அந்தப் பழியை எடுத்துக்கொண்டார். நான் அதை அப்படியே விட்டிருக்கலாம். ஏற்கெனவே ஒரு தடவை சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவள் நான். மறுபடி முடியவில்லை.

"இல்லக்கா. நைனாதான் நிறுத்தச் சொன்னாரு. உன் கடுதாசி அப்புறந்தான் வந்தது. அதுக்கப்புறம் அவரு ஒரு நாளும் நல்லா தூங்கல."

அக்கா பாப்பாவின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். பாயின் கழுத்து விறைத்திருந்தது.

"வந்திருந்தா அங்க இன்னும் ரெண்டு வாய் கூட ஆயிருக்கும்," என்றாள் கடைசியில். "மரவள்ளிக் கெழங்கு எங்களுக்கே பத்தல. தம்பிய எப்படியும் சயாமுக்குப் புடிச்சினு போயிருப்பாங்க. நைனா செஞ்சது சரிதான்."

அதை அவள் கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. மளிகைச் சாமானுக்குக் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். நான் என் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

வானகரம் தாண்டியதும் கரி அடுப்பைக் கிளறிவிட பாய் ஓரமாக நிறுத்தினார். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கழனி, வெயில், ஆள் நடமாட்டம் இல்லை. அப்போது மீனம்பாக்கம் பக்கமிருந்து ஓர் ஆகாய விமானம் வந்தது. எங்களுக்கு அது பழகிப்போன சத்தம், யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. பக்கத்தில் கதவு திறந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். பாப்பா காரில் இல்லை. ரோட்டோரப் பள்ளத்தில், முள்ளும் சேறுமாகக் கிடந்த இடத்தில், குப்புறப் படுத்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். குவளை தலைமேல் கவிழ்ந்திருந்தது.

நான் ஓடப் போனேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தூக்காத. தூக்கினா கத்துவா. சத்தம் போறவரைக்கும் வுடு."

சத்தம் திருவள்ளூர் பக்கமாகத் தேய்ந்து போகும்வரை நாங்கள் மூன்று பேரும் ரோட்டில் நின்றோம். பாய் கையில் கம்பியோடு அசையாமல் நின்றார். அப்புறம் அக்கா பள்ளத்தில் இறங்கி, மலாய் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். பாப்பா தலையைத் தூக்கி முதலில் வானத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, நீ ஏன் படுக்கவில்லை என்று மலாயிலேயே கேட்டாள். அதை அக்காதான் எனக்குத் தமிழில் சொன்னாள்.